எட்டாம் தேதிக் கிழவி

மார்ச் பிறந்தால் எங்கள் வாலேனி ஊரில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கிழவி உண்டு. வெயிலை நம்பி, போட்டிருந்த ஒன்பது கோட்டையும் நாளுக்கொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு மலைமேல் விறைத்துச் செத்தாளே கதையில் வரும் தோக்கியாக் கிழவி, அவளுடைய நாட்கள்தான் ஒன்றாம் தேதி தொடங்கி ஒன்பதாம் தேதி வரை. பிப்ரவரி முடிவதற்குள் ஒவ்வொருத்தியும் அதில் ஒரு நாளைத் தனக்கென்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு வெயிலடித்தால் அவள் மனசு தங்கம், வருஷமும் நல்ல வருஷம். பனி கொட்டினால், அவள் எப்படிப்பட்டவள் என்று வானமே ஊருக்குச் சொல்லிவிட்டதாக அர்த்தம். ஆண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் பெண்டாட்டியின் நாளன்று எழுந்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

ருக்சாந்தாவுக்கு வாய்த்த கிழவிகளில் ஒருத்திகூட உருப்படவில்லை. இருபத்தொரு வயதில் தொவாதேரைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்த வருஷம் மூன்றாம் தேதியைக் கேட்டாள். அன்றைக்கு ஆலங்கட்டி விழுந்து மாமியாரின் நாற்றுப் பெட்டிக் கண்ணாடி நொறுங்கியது. "வந்தவளோட மனசு தெரிஞ்சுபோச்சு" என்றாள் மாமியார். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் முப்பத்தொரு வருஷம் கழித்தும் ருக்சாந்தாவுக்கு அந்தக் குரல் அப்படியே காதில் இருக்கிறது. அடுத்த வருஷம் ஐந்தாம் தேதி, சேறும் தூறலும். அதற்கடுத்த வருஷம் ஒன்றாம் தேதி, முழங்கால் வரை பனி. கடைக்கார அக்லாயா ஒவ்வொரு பிப்ரவரியிலும் கேட்பாள்: "ருக்சாந்தா, உன் நாளு எதுன்னு முன்கூட்டியே சொல்லிடு தாயே, அன்னிக்கு நான் துணி துவைக்க மாட்டேன்."

எதிர்வீட்டில் தொவாதேரின் அக்கா சவேதா. புருஷன் போய்ச் சேர்ந்து இருபது வருஷம், பிள்ளை குட்டி கிடையாது. அவள் வருஷம் தவறாமல் எட்டாம் தேதியைத்தான் சொல்லுவாள். எட்டாம் தேதி வருஷம் தவறாமல் பளிச்சென்று விடியும். உண்மையைச் சொன்னால் மூன்று நான்கு தடவை மழையும் பெய்திருக்கிறது. அதெல்லாம் பொறாமைக்காரியின் ஞாபகத்தில் தங்குமா? தெற்குப் பார்த்த சவேதாவின் சுவரோரம் பனித்துளிப் பூ பிப்ரவரியிலேயே தலைநீட்டும். வடக்குப் பார்த்த ருக்சாந்தாவின் முற்றத்தில் மார்ச் பாதி வரை பனிக்கட்டி கறுத்துக் கிடக்கும். நடுவில் இருப்பது ஆறடி அகலச் சந்து.

பூவும் வெயிலும் போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அவளுடைய வயிற்றெரிச்சல் வேறு.

மகள் இலிங்காவுக்கு ஒன்பது வயதாகும்போது ருக்சாந்தா இத்தாலிக்குப் போனாள். தொவாதேர் சாரம் கட்டும் வேலைக்காக ஊர் ஊராய்த் திரிந்துகொண்டிருந்தான். பிள்ளையை எதிர்வீட்டில் விட்டாள். இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனது பதினான்கு வருஷமாயிற்று. அங்கே வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் கண்ணை மூடி அனுப்பினால், அவளுடைய சொந்தக்காரர் வீட்டில் இன்னொரு கிழவி காத்திருப்பாள். அங்கிருந்தும் பிப்ரவரி கடைசியில் மனசுக்குள் ஒரு நாளைச் சொல்லிக்கொள்வாள். அன்றைக்கு ஊருக்கு ஃபோன் போட்டால் இலிங்கா சொல்லுவாள், "இங்க பனிக்காத்துங்கம்மா." ஒன்பதாம் தேதி போட்டால், "நேத்து அத்தையோட நாளு, எவ்வளவு வெயில் தெரியுமா?"

திரும்பி வந்து மூன்று வருஷமாகிறது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கோழி சூப்பு வைத்து, மேலே சதகுப்பைத் தழையை அள்ளித் தூவி மகள் முன்னால் வைத்தாள். இலிங்கா கரண்டியால் தழையை ஒதுக்கி ஒதுக்கிக் கிண்ணத்தின் ஓரத்தில் சேர்த்தாள். சவேதாதான் கூச்சத்தோடு ருக்சாந்தாவின் காதில் சொன்னாள், "பத்து வயசுல காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுலேருந்து அவளுக்கு அந்த வாசனையே ஆகாது ருக்சாந்தா." எந்தக் காய்ச்சல்? அப்படியொன்று வந்ததே பெற்றவளுக்குத் தெரியாது. அன்றைக்குப் பார்த்தபோது இன்னும் பல தெரிந்தன. பெண் நடப்பது அத்தை மாதிரி, இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. தேநீரைச் சாஸரில் ஊற்றி ஆற்றுவது அத்தை மாதிரி. அத்தையை நீ, வா, போ என்கிறாள். அம்மாவிடம் வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா. பாங்கியில் பேசுவதுபோல் பேசுகிறாள்.

இதற்கெல்லாம் பதிலாக ருக்சாந்தாவிடம் இருந்தது ஒரு மாடி அறை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் கட்டியது. நீல நிற இத்தாலி டைல்ஸ் போட்ட குளியலறை, திறந்தால் வெந்நீர், பெரிய ஜன்னல். யாஷ் நகரத்தில் படித்து அங்கேயே மருந்துக்கடையில் வேலை பார்த்த இலிங்கா, வாலேனிக்கு வந்தால் ஒரு ராத்திரி தங்குவாள். அதுவும் அத்தை வீட்டில், களிமண் அடுப்புக்குப் பக்கத்துப் பழைய கட்டிலில். "என் பொருளெல்லாம் அங்கதானேம்மா இருக்கு" என்பாள். மூன்று வருஷமாய் மாடி அறையின் படுக்கையில் ஒருவரும் படுக்கவில்லை. ருக்சாந்தா வாரம் ஒருமுறை விரிப்பை மாற்றி, மடிப்பு விழாமல் தடவிவிட்டுக் கதவைப் பூட்டுவாள்.

இந்தப் பிப்ரவரியில் இலிங்கா ஃபோன் செய்தாள். அரைமணி தூரத்திலிருக்கும் பிர்லாத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். பதினைந்தாம் தேதி சேர வேண்டும். இனிமேல் ஊரிலிருந்தே பஸ்ஸில் போய்வரப் போகிறாள். "எங்க தங்குறதுன்னு எட்டாம் தேதி வரும்போது நேர்ல பேசிக்கலாங்க" என்று வைத்துவிட்டாள். எட்டாம் தேதி எங்கள் ஊரில் அம்மாக்களின் நாள். பிள்ளைகள் பூங்கொத்தோடு வருவார்கள். இலிங்கா இரண்டு கொத்துக் கொண்டுவருவாள். எது முதலில் எந்த வாசலுக்குப் போகிறது என்று மூன்று வருஷமாய் ருக்சாந்தா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வருஷமும் எதிர்வாசலுக்குத்தான்.

ஆக, எட்டாம் தேதி வேண்டும். அன்றைக்கு வெயில் தன் கூரையில் விழ வேண்டும், மகள் அதைப் பார்க்க வேண்டும், இவளும் நல்ல மனசுக்காரிதான் என்று ஊர் பார்க்க வேண்டும். பத்து நாளாக ஃபோனில் வானிலையைப் பார்த்துவந்தாள். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி காலையில் எட்டாம் தேதிக்கு நேராக ஒரு மஞ்சள் சூரியனும் பதினெட்டு டிகிரியும் வந்திருந்தன. உடனே முக்காட்டைக் கட்டிக்கொண்டு அக்லாயா கடைக்குப் போனாள்.

கடையில் ஏழெட்டுப் பெண்கள் காப்பியோடு நின்றிருந்தார்கள். அக்லாயா மார்ச்சு நூல்களை, வசந்தத்துக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூலை, அட்டையில் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள். யார் யாருக்கு எந்த நாள் என்று ஒரு பிஸ்கட் பெட்டி மூடியில் எழுதுவதும் அவள்தான்.

"எனக்கு எட்டு. எழுதிக்கோ."

அக்லாயா பேனாவைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"எட்டு சவேதாவோடதுல்ல?"

"ஏன், பட்டா போட்டு வாங்கி வச்சிருக்காங்களா?"

"அதுக்கில்லடி... எத்தனை வருஷமா..."

"முதல்ல வந்து கேட்டவளுக்குத்தானே நாளு? நான்தான் முதல்ல வந்தேன். எழுது."

எழுதிக்கொண்டிருக்கும்போதே சவேதா உள்ளே வந்தாள், செருப்பின் சேற்றைப் படியில் தேய்த்துக்கொண்டு. யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளே மூடியைப் பார்த்தாள். பிறகு ருக்சாந்தாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சண்டைக்கு வந்திருந்தால் ருக்சாந்தாவிடம் பதினான்கு வருஷத்துக்கான பதில் தயாராக இருந்தது. சவேதா சிரித்துவிட்டாள்.

"அப்ப எனக்கு ஏழு போடு அக்லாயா. எட்டுக்குப் பக்கத்து வீடுதானே."

வெயிலைப் பிடுங்கினாலும் இவளுக்கு வலிக்காது போல என்று ருக்சாந்தா பல்லைக் கடித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புதான் கூட வந்தது.

மார்ச் நன்றாகத்தான் பிறந்தது. ஒன்றாம் தேதி மூடுபனி, பத்து மணிக்கெல்லாம் விலகிவிட்டது. மூன்றாம் தேதி கூரைப் பனி உருகிச் சொட்டுச் சொட்டாய் வடிந்தது. நாலாம் தேதி கோழிகள் தொடர்ந்து முட்டையிடத் தொடங்கின. ஆண்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு திராட்சைக் கொடியைக் கத்தரிக்கப் போனார்கள். வெட்டின இடத்தில் கொடி நீர் வடித்தது. சந்தில் சேறு காலைப் பிடித்து இழுத்தது.

ருக்சாந்தாவைப் பிடிக்க முடியவில்லை. நிலவறையிலிருந்து ஜெரேனியத் தொட்டிகளைத் தூக்கிவந்து படிகளில் வரிசையாக வைத்தாள். தெருவிலேயே முதல் ஆளாக, வீட்டிலிருந்த கோட்டு கம்பளியெல்லாம் துவைத்துப் பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் பூட்டினாள். பிளம் மரத்தடியில் மேசையைப் போட்டு, எட்டாம் தேதி எல்லாரும் வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தெருவையே அழைத்தாள். சவேதாவையும்தான். அவள் பார்க்காமல் வெயிலடித்து என்ன பிரயோசனம்?

தொவாதேர் வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்தான். ஒருநாளில் பத்து வார்த்தை பேசுகிறவன் அன்றைக்குச் சேர்த்துப் பேசினான்.

"வானத்தைப் பார்த்துக் காரியம் பண்ணு. ஃபோனைப் பார்த்துப் பண்ணாத."

"உங்க அக்கா நாளா இருந்தா இப்படிச் சொல்லுவியா மனுஷா?"

"யாரு நாளா இருந்தாலும் இது மார்ச்சு."

ஏழாம் தேதி மேகமென்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. தேனீக்கள் வெளியே வந்தன. சவேதா தன் வாசல் பெஞ்சில் முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு விதைப் பயறு பொறுக்கினாள். போகிறவர் வருகிறவரெல்லாம், "அடேயப்பா, நாளை மாத்தினாலும் உன் கிழவி உன்னை விடலையே!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ருக்சாந்தா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். மிச்சமாய்க் கிடந்த நாளை எடுத்தவளுக்கும் இப்படி விடியுமா? சர்மாலேக்காக ஊறின முட்டைக்கோசு இலையில் இறைச்சியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தவள், ஆத்திரத்தில் இறுக்கினதில் நாலைந்து இலை கிழிந்து இறைச்சி பிதுங்கியது. பரவாயில்லை, நாளைக்கு இதைவிட வெயிலடிக்கும் என்று தேற்றிக்கொண்டாள். பொழுது சாயும்போது காற்று வடகிழக்குக்குத் திரும்பியது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எட்டாம் தேதி வெளிச்சம் வந்தபோது பிளம் மரத்தடி மேசைமேல் ஒரு சாண் பனி. ஜெரேனியம் எல்லாம் கறுத்துத் தலை தொங்கிவிட்டது. இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது, நேராக அல்ல, சாய்வாக, முகத்தில் அறைகிறாற்போல. ருக்சாந்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. தொவாதேர் சொல்லிக்காட்டாமல் துடைப்பத்தால் படிப் பனியைத் தள்ளினான். அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

எங்கள் தெருப் பெண்களுக்குள் ஒரு வீம்பு உண்டு. தன் நாளன்று ஒருத்தி கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், ஆமாம், என் மனசு குளிர்ந்ததுதான் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. சாதாரணமாக எல்லாரும் அன்றைக்கு வீட்டுக்குள் இருந்து தப்பித்துக்கொள்வார்கள். ருக்சாந்தா பஸ் நிறுத்தத்துக்குப் போயே ஆக வேண்டும். சவேதாவுக்கு முன்னால் மகளைப் பிடிக்க வேண்டும். பெட்டிச் சாவியைக் கையில் எடுத்து, திரும்ப ஆணியில் மாட்டினாள். நீலச் சட்டையில் சிவப்பு வெள்ளை நூலைக் குத்திக்கொண்டு, மெல்லிய பின்னல் சால்வை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"பைத்தியமே, போத்திக்கிட்டுப் போ!" என்று தொவாதேர் படியில் நின்று கத்தினான். அவள் திரும்பவில்லை.

நிறுத்தத்தில் சவேதா ஏற்கெனவே நின்றிருந்தாள், கணுக்கால் வரை தொங்கும் பழுப்புக் கோட்டில். பத்தரை மணி பஸ் இன்னும் வரவில்லை. மேட்டுச் சாலையில் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்களாம். ருக்சாந்தா கூரைக்கு அடியில் இன்னொரு ஓரமாகப் போய் நின்றாள். எதிரே கடை வாசலில் அக்லாயா தலையை நீட்டினாள்.

"ருக்சாந்தா! உள்ள வாடி! உன் கிழவி உன்னைக் கொல்லாம விடமாட்டா!"

"எனக்கொண்ணும் குளிரல!"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் பல் நான்கு தடவை அடித்துக்கொண்டது. சவேதா பக்கத்தில் வந்தாள்.

"இந்தா, கோட்டுக்குள்ள நீயும் பாதி வா. ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."

"வேண்டாம் அண்ணி."

"யாரும் பாக்கல."

"நீங்க பாக்குறீங்கல்ல. அது போதும்."

சவேதா தன் ஓரத்துக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் அப்படியே நின்றார்கள். ருக்சாந்தாவுக்கு முதலில் விரல் நுனி மரத்தது, பிறகு காது, பிறகு எது மரத்தது என்றே தெரியவில்லை. உள்ளே ஒன்று மட்டும் சூடாக இருந்தது. பஸ் கதவு திறக்கும்போது ஓடிப்போய் முன்னால் நிற்க வேண்டும் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்து கதவு திறந்தபோது கால் நகரவில்லை.

இலிங்கா பெட்டியும் இரண்டு பூங்கொத்துமாக இறங்கினாள். நிறுத்தத்தின் இரண்டு ஓரத்தையும் பார்த்தாள். பெட்டியையும் ஒரு கொத்தையும் பனியிலேயே போட்டுவிட்டு நேராக அம்மாவிடம் வந்தாள்.

"பைத்தியமா உனக்கு? என்ன கோலம் இது? கோட்டு எங்க? உதடெல்லாம் நீலமா இருக்கு பாரு! செத்துத் தொலையணும்னு நிக்கிறியா?"

உனக்கு. நிக்கிறியா. ருக்சாந்தாவுக்குக் குளிரே போய்விட்டது. பதினேழு வருஷமாய் ஒருமுறைகூட இந்தப் பெண் இப்படித் திட்டியதில்லை. மகள் பூங்கொத்தை அவள் நெஞ்சில் வைத்து அழுத்தி, தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவள் காதைச் சுற்றிக் கட்டினாள். பின்னாலிருந்து ஒரு கனமான கோட்டு தோளில் விழுந்தது. அதைத் தள்ளிவிட அவளுக்குத் தோன்றவில்லை. முதல் கொத்து கையில் இருந்தது. பேருந்தின் ஜன்னல்களிலிருந்தும் கடை வாசலிலிருந்தும் எல்லாரும் பார்த்தார்கள்.

"வீட்டுக்குப் போலாம், நட" என்றாள் இலிங்கா. "மாடி ரூமைத் தொறந்து வச்சிருக்கியா? அங்கதான் இருக்கப் போறேன்."

"நெசமாவா?" ருக்சாந்தாவுக்கு நாக்குக் குழறியது. "நீயா முடிவு பண்ணின?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் அத்தையிடம் கற்றதுதான்.

"அத்தைதான் போன வாரம் ஃபோன் பண்ணினா. 'உங்கம்மா எல்லார் முன்னாடியும் வந்து என் நாளைப் பறிச்சுக்கிட்டா. அவ யாருகிட்டயும் வாய்விட்டு ஒண்ணு கேட்டு நான் பாத்ததில்ல. அவ கேட்டது நாள இல்லடி. நீ அவகிட்டப் போயிரு, என் பங்கு பதினாலு வருஷம் எனக்கு இருக்கு'ன்னா. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். வந்தா கதவைத் தொறக்க மாட்டேன்னுட்டா."

ருக்சாந்தா பூங்கொத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முன்பு வரை அது தன்னுடையதாக இருந்தது. இதுவும் அவள் கொடுத்ததா? வெயில் அவளுடையது, பூ அவளுடையது, பிள்ளையின் பதினான்கு வருஷம் அவளுடையது. கடைசியில் மகளையும் அவள் கையால்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வயிறு பழையபடி எரிந்தது, முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. திட்டுவதற்காகத் திரும்பினாள்.

சவேதா ஒற்றைக் கம்பளிச் சட்டையோடு பனியில் நின்றிருந்தாள். ஒரு கையில் இரண்டாவது பூங்கொத்து, இன்னொரு கை இலிங்காவின் பெட்டியைத் தூக்கப் போராடிக்கொண்டிருந்தது. அறுபது வயது. நெஞ்சுச் சளிக்காரி. அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. தெரியக்கூடாதென்று தலையைக் குனிந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ருக்சாந்தா தோளிலிருந்த கோட்டை உருவினாள். நேராகப் போய் அதைச் சவேதாவின் முதுகில் போட்டாள். கை நுழைக்க வைத்து, மரத்துப்போன விரல்களால் கழுத்து வரை ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். ஒரு பொத்தான் ஓட்டையில் நுழையவே மாட்டேனென்றது. விடாமல் அழுத்தி நுழைத்தாள்.

"எதுக்கு ருக்சாந்தா, உனக்குத்தான் குளிருது..." என்றாள் சவேதா.

"பேசாம நில்லுங்க அண்ணி. நீங்க இருமிக்கிட்டுப் படுத்துட்டீங்கன்னா, இவ என் ரூமை விட்டுட்டு உங்க கட்டிலடியிலயே கெடப்பா."